உன் அப்பாவுடன் சண்டை ஒன்றும் இல்லை

கண்ணு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். பால் இருந்தது உண்மைதான், ஆனால் நான் போனை வைத்ததற்குக் காரணம் அது இல்லை. பக்கத்தில் இருக்கிற தாரணிக்குக்கூடக் கேட்கக் கூடாது என்பது போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அம்மா, அப்பாகூட ஏதாச்சும் பிரச்சினையா? எதுன்னாலும் எங்கிட்டச் சொல்லு" என்று கேட்டாய் அல்லவா, அதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிள்ளை பயந்துபோய்க் கேட்கும்போது சிரித்தால் நன்றாக இருக்காது. அதனால்தான் அன்றைக்கு அப்படி, இன்றைக்கு இப்படி எழுதுகிறேன். இதை நீ தாரணியிடம் காட்டலாம். சூலூரில் உன் அத்தைக்கும் படித்துக் காட்டலாம். அவளும் இதையேதான் அக்கம்பக்கத்தில் கேட்டுக்கொண்டிருக்கிறாளாம். எல்லோருக்கும் ஒரே பதில்தான். உன் அப்பாவுடன் எனக்குச் சண்டை ஒன்றும் இல்லை. என் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் ஆனதால் பெருந்துறைக்குப் பக்கத்தில் இந்த வீட்டுக்கு வந்தேன். வந்த இடத்தில், இனி மாதத்தில் பாதி நாள் இங்கே, பாதி நாள் சூலூரில் என்று முடிவு செய்துகொண்டேன். இவ்வளவுதான் விஷயம். ஆனால் இவ்வளவுதான் என்று நிறுத்திவிட்டால் உனக்கு நிம்மதி வராது. இதற்கு விதை போட்டவர்களில் நீயும் ஒருவன், அதனால் முதலிலிருந்து சொல்கிறேன்.

உனக்குப் பெண் பார்க்கக் கொடுமுடிக்குப் போன நாளை நீ உன் கணக்கில் நினைவு வைத்திருப்பாய். என் கணக்கு வேறு. தாரணியின் அப்பா காலமான பிறகு அவளும் அவள் அம்மாவும் சேர்ந்து எள் செக்கு நடத்துகிறார்கள், கெட்டிக்காரப் பெண், ஒரே மகள் என்றெல்லாம் கேட்டு எனக்கு மனது நிறைந்துதான் போயிருந்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் நல்லெண்ணெய் வாசம். காப்பி கொடுத்துவிட்டு அந்தப் பெண் உள்ளே போகாமல் எங்களுக்கு எதிரிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தபோதுகூட எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பிறகு அவள் பேசினாள். "மொதல்லயே சொல்லிப்போட்டா ரெண்டு பக்கத்துக்கும் நல்லதுங்க, அத்தை. எங்கம்மாவையும் இந்தச் செக்கையும் உட்டுப்போட்டு என்னால வர முடியாதுங்க. கலியாணம்னு ஆனா அவருதான் இங்க வந்து இருக்கோணுங்க."

உன் அப்பா காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். நான்தான் பேசினேன். "அதெப்படி அம்மணி? பாதி நாள் இங்க, பாதி நாள் அங்கன்னு சொன்னாலாச்சும் நாலு பேருக்குச் சொல்லிக்கலாம்." அவள் மரியாதை குறையாமல் கேட்டாள்: "நான் முழுசா சூலூருக்கு வரேன்னு சொல்லியிருந்தா யாரும் பாதி கேட்டிருக்க மாட்டீங்கல்லங்க, அத்தை?" எனக்குச் சுருக்கென்றது. அவள் அம்மா, "ஏ தாரணி" என்று அதட்டினார். அதற்குள் நீ, யாரையும் பார்க்காமல், "எனக்குச் சம்மதமுங்க. என் வேலையக் கம்ப்யூட்டர்ல எங்கிருந்தும் பாத்துக்கலாம். நான் வாரேன்" என்று சொல்லிவிட்டாய். வீட்டோடு மாப்பிள்ளையாகப் போவதை, பக்கத்துக் கடைக்குப் போய் வருவது போலச் சொன்னாய்.

அன்றைக்கு வண்டியில் திரும்பி வரும்போது நான் வாயே திறக்கவில்லை. ஊரார் பேச்சுக்குப் பயந்து அம்மா கோபமாக இருக்கிறாள் என்று நீ நினைத்தாய். ஊரார் பேச்சு எனக்குப் பெரிதே இல்லை, கண்ணு. நான் வேறு ஒன்றுக்காகக் கொதித்துக்கொண்டிருந்தேன். அதை அப்போது யாரிடமும் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் சொன்னால் அழகாக இருக்காது. நான் கல்யாணமாகிச் சூலூருக்கு வந்தபோது நம் வீட்டோடு ஒட்டிய தறிக்கூடத்தில் எந்நேரமும் விசைத்தறி ஓடிக்கொண்டிருக்கும். பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் காதில் விழாது. எங்கள் வீடு அமைதியான வீடு. எனக்கு ஆறேழு மாதம் சரியான தூக்கமில்லை. அழுகை வரும். கரண்ட் இருக்கும்போதே அழுது முடித்துவிட வேண்டும், கரண்ட் போய்த் தறி நின்றுவிட்டால் வீடு முழுக்கக் கேட்கும். யாரும் என்னைக் கொடுமை செய்யவில்லை. ஆனால் எந்தப் பாத்திரம் எங்கே இருக்க வேண்டும், குழம்பில் புளி எவ்வளவு, தலைக்கு எந்தக் கிழமை எண்ணெய் என்பது வரை எல்லாவற்றையும் புதிதாகக் கற்றுக்கொண்டேன். போகப் போக அது என் வீடு ஆயிற்று. அப்போதெல்லாம் எனக்குள் ஒரு எண்ணம் இருந்தது. ஒரு நாள் நம் மகனுக்கு ஒருத்தி வருவாள், அவளுக்கு நான் சொல்லிக்கொடுப்பேன், நான் பட்ட மாதிரி இல்லாமல் அவளைப் பதமாக வைத்துக்கொள்வேன் என்று. ரேஷன் கடையில் வெயிலில் நின்று நின்று, நம் முறை வரும் நேரத்தில் கதவைச் சாத்தினால் எப்படி இருக்கும்? அன்றைக்கு வண்டியில் எனக்கு அப்படித்தான் இருந்தது.

உன் அப்பாவுக்கு அந்தக் கோபமே புரியவில்லை. ஒரு வாரம் யோசித்துவிட்டு, "எங்கிருந்தா என்ன, பையன் நல்லா இருந்தாச் சரி" என்றார். எல்லோரும் அவரை எவ்வளவு பெருந்தன்மை என்று மெச்சினார்கள். எனக்கு அதிலும் எரிச்சல்தான். ஒரே வீட்டில் பிறந்து, அங்கேயே வளர்ந்து, அங்கேயே கல்யாணமாகி, அங்கேயே நரைத்த மனிதர். எங்கிருந்தாலும் என்ன என்று அவரால் சொல்ல முடியும், அவர் எங்கேயும் போனதில்லையே. கல்யாணம் முடிந்து உன் பெட்டியைக் கொடுமுடி வண்டியில் ஏற்றும்போது உன் அத்தை என் தோளைப் பிடித்துக்கொண்டு, "பையனப் பெத்துப் பொண்ணாட்டம் அனுப்பி வெச்சுப்போட்டயே" என்று அழுதாள். நான் பிறந்த வீட்டை விட்டுப் புறப்பட்ட அன்றைக்கு யாரும் அதை ஒரு துக்கமாக நினைத்து இப்படி அழுததாக ஞாபகம் இல்லை. மேளக்காரர்களுக்குச் சாப்பாடு ஆயிற்றா என்றுதான் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். அதை நினைத்தேனே தவிர, அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு நீ வா வா என்று கூப்பிட்டும் கொஞ்ச நாள் நான் வரவில்லை. ஆடிப்பெருக்கு முடிந்ததும் ஒரு நாள், காங்கேயத்தில் பஸ் மாறி, தனியாகப் புறப்பட்டு வந்தேன். நீ எப்படி இருக்கிறாய் என்று பார்ப்பதற்கு வந்ததாகச் சொன்னேன். உள்ளுக்குள், நீ கஷ்டப்படுவதைப் பார்க்க வந்தேன் என்றுதான் இப்போது தோன்றுகிறது. நீ கொஞ்சமாவது கஷ்டப்பட்டால் எனக்கு ஒரு நியாயம் கிடைத்த மாதிரி இருக்கும் போல. ஆனால் அங்கே நான் கண்டது என்ன? நீ கூடத்துக்குள் நுழைந்ததும் உன் மாமியார் டக்கென்று எழுந்து நிற்கிறார். நீ சாப்பிட்ட தட்டை நீ எடுக்கும் முன்னாலேயே, "வெச்சுருங்க மாப்ளே, நான் பாத்துக்கறேன்" என்று வாங்கிக்கொள்கிறார். குழம்பில் காரம் சரியாக இருக்கிறதா என்று உன்னைக் கேட்கிறார். மீன் பிடிக்குமா, கோழி பிடிக்குமா என்று கேட்டு, நீ சொன்னதைச் செய்கிறார். நானும் வீடு மாறினவள்தான், நீயும் வீடு மாறினவன்தான். நான் மாறிப்போய் மருமகளானேன். நீ போன இடத்திலும் விருந்தாளியாக உட்கார்ந்திருந்தாய்.

மத்தியானம் தாரணி செக்கடியில் எண்ணெயை டின்னில் ஊற்றிக்கொண்டிருந்தபோது அவள் பக்கத்தில் போய் நின்றேன். "அன்னைக்கு முழுசு, பாதின்னு கணக்குக் கேட்டியே அம்மணி, இதுவா சமம்? நான் போன ஊட்டுல எந்திரிச்சு நின்னவ நானு. இங்கயும் ஒரு பொம்பளதான எந்திரிச்சு நிக்கறா?" என்று கேட்டுவிட்டேன். சண்டைக்கு வந்தால் வரட்டும் என்றுதான் கேட்டேன். அவள் புனலைக் கீழே வைத்தாள். "அதத்தானுங்க அத்தை, கலியாணமான நாள்ல இருந்து எங்கம்மாகிட்ட மல்லுக்கட்டறேன். கேக்க மாட்டீங்கறாங்க. இவரும் சும்மா தட்டக் குடுத்துப்போட்டு உக்காந்துக்கறாரு. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றாள். எதிராளி என்று நினைத்துப் போனால், அவள் என் பக்கத்தில் ஏற்கெனவே நின்றுகொண்டிருக்கிறாள். அன்றைக்குச் சாயங்காலம் நான் உன்னிடம், "உன் தட்ட நீ கழுவு" என்று எல்லோர் முன்னாலும் சொன்னது அதனால்தான். உன் மாமியாருக்கு என்மேல் வருத்தம். உனக்கும் கொஞ்சம் வருத்தம்தான், எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு நீ கழுவுகிறாய் என்று தாரணி சொன்னாள். சந்தோஷம்.

அவளும் நானும் எல்லாவற்றிலும் ஒத்துப்போய்விட்டோம் என்று நினைத்துவிடாதே. பெண்ணியம் என்கிற சொல் எனக்கு இன்னும் வாயில் வருவதில்லை. அவள் அதைச் சாதாரணமாகச் சொல்கிறாள், உப்பு, புளி என்று சொல்வது போல. யார் எங்கே இருப்பது என்பதைக் கல்யாணத்துக்கு முன்பே இரண்டு பேரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்ய வேண்டும் என்பது அவள் கட்சி. பேசி என்ன ஆகப்போகிறது, யாருக்கு யார் தேவையோ அங்கே இருந்துகொள்வதுதான் குடும்பம் என்பது என் கட்சி. அதற்கு அவள், "தேவைன்னு பாத்தா எப்பவும் பொண்ணுகளத்தானுங்க எல்லாத்துக்கும் தேவைப்படும்" என்றாள். அதைக் கேட்டும் என் கட்சியை நான் விட்டுக்கொடுக்கவில்லை. போனில் பேசும்போதெல்லாம் இன்னும் இதைப் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். மாமியாரும் மருமகளும் இவ்வளவு நேரம் என்ன பேசுகிறீர்கள் என்று நீ கேட்டாயே, இதுதான்.

அப்படி இருக்கையில்தான் என் அப்பாவுக்கு, உன் அப்புச்சிக்கு, கண்ணில் புரை என்று டாக்டர் சொன்னார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் வேளை தவறாமல் சொட்டு மருந்து விட வேண்டும், குனியக் கூடாது, அடுப்புப் புகை ஆகாது. அவர் தனியாக இருப்பவர். பெங்களூரில் இருக்கும் உன் மாமன், "இங்க கூட்டிட்டு வந்தர்றேன்" என்றான். அப்புச்சி வர மாட்டேன் என்றார். வழக்கமாக என்ன செய்வேன்? இரண்டு நாள் வந்து இருந்து, சமைத்து வைத்து, பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு, உன் அப்பாவுக்குச் சோறு என்ன ஆயிற்றோ என்று மூன்றாம் நாள் பஸ் ஏறிவிடுவேன். என் அம்மா படுத்திருந்த காலத்திலும் அப்படித்தான் வந்து வந்து போனேன். இந்த முறை பையை எடுத்து வைக்கும்போது கை ஓடவில்லை. என் மகன் போய் அவன் மாமியார் வீட்டில் இருக்கிறான், உலகம் ஒன்றும் இடிந்து விழவில்லை. நான் என் அப்பா வீட்டில் இருந்தால் என்ன ஆகிவிடும் என்று தோன்றியது. யாருக்கோ எதிராக எழுந்த எண்ணம் இல்லை அது. சும்மா, தானாக வந்து நின்றது.

உன் அப்பாவுக்குப் போன் செய்து, "நான் இங்க ஒரு மாசம் இருக்கப் போறேனுங்க. அதுக்கப்புறமும் பாதிப் பாதியா இருக்கலாம்னு நெனைக்கறேன்" என்று சொன்னேன். அவர் ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டார். "சோறு?" என்றார். நான், "எங்கிருந்தா என்னங்க, பொங்கித் திங்கலாம்" என்றேன். சொன்ன பிறகுதான் அது அவருடைய வார்த்தை என்று எனக்கே உறைத்தது. அவருக்கும் உறைத்திருக்க வேண்டும். சரி என்று சொல்லி வைத்துவிட்டார்.

முதல் வாரம் மெஸ்ஸில் சாப்பிட்டார். வயிற்றுக்கு ஆகவில்லை. இரண்டாம் வாரம் குக்கரில் சோறு மட்டும் வைத்துத் தயிர் ஊற்றிச் சாப்பிட்டார். ஒரு நாள் காலை போன் வந்தது. "ஏம்புள்ள, கொள்ளுப் பருப்புக்குக் கொள்ள வறுக்கோணுமா, அப்பிடியே வேக வெக்கோணுமா?" சொன்னேன். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் போன், எத்தனை விசில் என்று. மறுபடியும் போன், மல்லி எப்போது போடுவது என்று. கடைசியில் என்ன ஆயிற்று என்று நானே கூப்பிட்டுக் கேட்டேன். "அடி புடிச்சுருச்சு. மேலாப்புல எடுத்துத் தின்னுட்டேன். மோசமில்ல" என்றார். அந்த "மோசமில்ல"வைக் கேட்டபோது எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது. நான் இல்லாவிட்டால் அவர் பட்டினி கிடந்து உடம்பைக் கெடுத்துக்கொள்வார் என்பதை இத்தனை வருஷமும் அன்பு என்று நினைத்துச் சுமந்துகொண்டிருந்தேன். அவர் பட்டினி கிடக்கவில்லை. அடிபிடித்ததில் நல்லதை மேலாக எடுத்துச் சாப்பிடத் தெரிந்திருக்கிறது.

உன் அப்புச்சியும் முதலில் சங்கடப்பட்டார். கட்டிக்கொடுத்த மகள் வந்து தங்கினால் மாப்பிள்ளை என்ன நினைப்பார் என்று தினமும் சாயங்காலம் ஒரு தடவை, "நீ கெளம்பு அம்மணி, இங்க கெடந்தா நல்லா இருக்காது" என்பார். ஆனால் பஸ் எத்தனை மணிக்கு என்று ஒரு நாளும் கேட்டதில்லை. இப்போது அதைச் சொல்வதையும் நிறுத்திவிட்டார்.

இந்த நிலைமையில்தான் உன் போன் வந்தது. பிரச்சினையா என்று கேட்டதோடு நீ நிற்கவில்லை. "இந்த வயசுல அப்பாவத் தனியா உட்டுட்டு நீ அங்க இருந்தா, பாக்கறவங்க என்னம்மா நெனப்பாங்க?" என்றும் கேட்டாய். மாமியார் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு நீ இதைக் கேட்டாய், கண்ணு. கோபத்தில் சொல்லவில்லை, இதை எழுதும்போதும் சிரித்துக்கொண்டுதான் எழுதுகிறேன். நீ குரலைத் தாழ்த்திப் பேசியதெல்லாம் தாரணிக்குக் கேட்டிருக்கிறது. மறுநாள் அவள் என்னைக் கூப்பிட்டு, "நேத்திருந்து அவர ஓட்டிட்டு இருக்கறேனுங்க, அத்தை. பாவம், மூஞ்சியே செத்துப்போச்சு" என்றாள். அவளை நான் அடக்கினேன். நீ செய்த காரியம் சின்னதில்லை, அதைச் செய்ய மனது வேண்டும். ஆனால் அது உனக்கும் உன் மனைவிக்கும் இடையில் நடந்த ஒன்று, அதோடு முடிந்தது என்று நினைத்துவிட்டாய். வாய்க்காலைத் திறந்துவிட்டால் தண்ணீர் உன் வயலோடு நின்றுவிடுமா? பக்கத்து வயலுக்கும் போகும். அந்தப் பக்கத்து வயலில் உன் அம்மா இருந்தாள், அவ்வளவுதான். அப்பா, அம்மா என்றால் சேர்ந்தே இருக்கும் ஒரு பொருள் என்று பிள்ளைகளுக்கு ஒரு நினைப்பு. நான் உனக்கு அம்மாவாவதற்கு முன்னால் ஒருவருக்கு மகளாக இருந்தேன். இன்னும் அவர் இருக்கிறார். மகளாக இருக்க எனக்கு இன்னும் கொஞ்ச நாள் கிடைத்திருக்கிறது.

உன் அப்பாவைப் பற்றி நீ கவலைப்பட்டாய், அதனால் நேற்று நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். காலையிலேயே பஸ் ஏறி இங்கே வந்தார். எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. உன் அப்புச்சி, "வாங்க மாப்ளே" என்று எழப்போனார். உன் அப்பா ஓடிப்போய்த் தோளைப் பிடித்து, "நீங்க உக்காருங்க மாமா, குனியாதீங்க" என்று உட்கார வைத்தார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவர் இந்த வீட்டுக்கு வந்தால் ஒரு வேளை சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவதுதான் வழக்கம். நேற்று மத்தியானம் வரை இருந்தார். மருந்து விடும் நேரம் வந்தபோது நான் கை கழுவிக்கொண்டிருந்தேன். "எப்பிடி உடறதுன்னு சொல்லு, நான் உடறேன்" என்றார். கீழ் இமையை இழுத்துப் பிடிக்கச் சொன்னேன். தறியில் அறுந்த நூலைப் பிடித்துப் பழகிய கை. ஒரு சொட்டு சரியாக விழுந்தது. உன் அப்புச்சி கண்ணை மூடிக்கொண்டு, "எம்மகளவிட நீங்க பக்குவமா உடறீங்க" என்றார். அதில் உன் அப்பாவுக்கு ஏற்பட்ட பெருமையை நீ பார்த்திருக்க வேண்டும்.

அவரைப் பஸ் ஏற்றிவிட நானும் நிறுத்தம் வரை போனேன். வெயில் நன்றாக இருந்தது, புளியமரத்தடியில் நின்றோம். உன்னைப் பற்றி, தறிக்கு நூல் வராததைப் பற்றி, உன் அத்தை பேசுவதைப் பற்றியெல்லாம் பேசினோம். அவள் பேச்சை அவரே காதில் போட்டுக்கொள்வதில்லையாம். எனக்கு அதுவும் ஒரு நிம்மதி. தூரத்தில் பஸ் தெரிந்ததும் அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, என்னைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்தபடி, "ஏம்புள்ள, நீ எப்ப வருவே?" என்று கேட்டார். கல்யாணமாகி இத்தனை காலத்தில் அவர் என்னிடம் இப்படிக் கேட்டதே இல்லை. கேட்க வேண்டி வந்ததில்லை. நான் எப்போதும் அங்கேயேதான் இருந்தேன், போனாலும் தானாகத் திரும்பி வந்தேன். வா என்று அவர் சொல்லவில்லை. எப்போது வருவாய் என்று கேட்டார். அதற்கு என்ன பதில் சொல்வது என்று யோசிக்க எனக்கு ஒரு நிமிஷம் வேண்டியிருந்தது. அவர் காத்திருந்தார். "அடுத்த வாரம் டாக்டரப் பாத்துட்டு வாரேனுங்க" என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு ஏறிக்கொண்டார்.

நேற்று நான் நன்றாகத் தூங்கினேன். உனக்கும் தூக்கம் வர வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். டாக்டரைப் பார்த்துவிட்டு நான் சூலூர் போகும்போது, ஒரு நாலு நாள் நீயோ தாரணியோ, யாராவது ஒருவர் வந்து அப்புச்சியோடு இருங்கள். யார் வருவது, யார் செக்கைப் பார்த்துக்கொள்வது என்று நீங்கள் உட்கார்ந்து பேசிக்கொள்ளுங்கள். அது அவள் கட்சி, இந்த ஒரு முறை அவள் சொல்கிறபடியே நடக்கட்டும்.

உன் அம்மா,
அவளுடைய அப்பா வீட்டிலிருந்து.